நஞ்சுச் செடிகளும் ஊர்க்குளமும்

நம் காடுகளிலும் வேலியோரங்களிலும் வளரும் செடி கொடிகளுள் பல நஞ்சுடையவை. அவற்றை எங்கே, எவ்வளவு, எதற்காகப் பயன்படுத்துவது என்பதை நம் முன்னோர் அநுபவத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தெளிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

மீன் மயக்கும் நஞ்சுகள்

கோடையில் ஓடை வற்றி மடுக்களில் நீர் தேங்கும்போது, மருக்காரைக் காயையோ, காக்கைக்கொல்லி விதையையோ, கொழுஞ்சி வேரையோ இடித்துக் கலக்கி மீன் பிடிப்பது பழைய வழக்கம். இவை மூன்றும் ஒரே வகையில் வேலை செய்வன அல்ல. மருக்காரையிலுள்ள சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் மீனின் செவுளைச் சிதைக்கிறது. கொழுஞ்சியிலுள்ள ரொட்டினாய்டு வகைப் பொருள்கள், உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தாதவாறு தடுக்கின்றன. வயலுக்குத் தழையுரமாகும் அதே செடி நீரில் நஞ்சாவது காண்க. காக்கைக்கொல்லியிலுள்ள பிக்ரோடாக்சினோ நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்குவது, மனிதருக்கும் கொடியது.

ஆளற்ற காட்டு மடு வேறு. ஊரார் குளித்து, கால்நடைகள் நீருண்ணும் குளம் வேறு. குளத்தில் நஞ்சிட்டால் பெருமீனோடு சினைமீனும் குஞ்சும் மடியும். ஒருவர் ஓரிரவில் பெறும் ஆதாயம், ஊர் முழுவதற்கும் உரிய ஓராண்டு மீன்வளத்தை அழித்துவிடும். மீன் பிடிக்க நீரில் நஞ்சிடுவதை 1897 ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியது இதனாலேயே.

முறைப்படி இடும் இலுப்பைப் புண்ணாக்கு

நஞ்சை நன்மைக்குப் பயன்படுத்தும் வழியும் உண்டு. வளர்ப்பு மீன்குஞ்சு விடுவதற்கு முன், குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளிறு முதலியவற்றை அகற்ற இலுப்பைப் புண்ணாக்கு இடப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு 2,500 கிலோ தேவை. அரை மீட்டர் ஆழமுள்ள அரை ஏக்கர் குளமாயின் ஏறக்குறைய 250 கிலோ போதும். நஞ்சு தணிய மூன்று வாரம் வரை ஆகும்; பின்னர் அதுவே குளத்திற்கு உரமாகிறது. சில குஞ்சுகளை வலைக்கூண்டில் விட்டுப் பார்த்த பின்னரே மற்றவற்றை விடவேண்டும். குடிநீர்க் குளத்தில் இதனை இடலாகாது. நீர் மறுகால் பாயும் காலத்திலும் இடலாகாது.

பயிரைக் காக்கும் வேம்பு

வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து தெளித்தல் வேண்டும். இதிலுள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்வதில்லை. தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் தடுக்கிறது. ஆகையால் மறுநாளே பலன் காணவில்லையென்று மனந்தளர வேண்டுவதில்லை. வெயிலில் இதன் ஆற்றல் குன்றுமாதலின் மாலையில் தெளிப்பதே சிறந்தது.

செடியிலிருந்து வந்தது தீங்கற்றது என்று எண்ணுதலும் தவறு. கொழுஞ்சி இனத்துச் செடிகளில் காணும் ரொட்டினோன், எலிகளுக்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கத்தை உண்டாக்கியதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆதலால் தெளிப்போர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. பொதுக் குளத்தில் நஞ்சிடலாகாது என்பதைக் கிராமசபையில் தீர்மானித்து, குத்தகை நிபந்தனையிலும் சேர்த்தல்.
2. கோடையில் நீர் குறையும் வாரங்களில் குளத்தைக் கண்காணித்தல்.
3. தெளிப்பான்களையும் எஞ்சிய மருந்தையும் குளத்தில் கழுவவிடாமல் தடுத்தல்.
4. வேப்பம்பழம் உதிரும் பருவத்தில் கொட்டைகளைச் சேகரித்து, நிழலில் உலர்த்திச் சேமிக்க ஏற்பாடு செய்தல்.

குளம் எவர் ஒருவருக்கும் உரியதன்று. அதனைக் காக்கும் பொறுப்பும் எவர் ஒருவரோடும் நின்றுவிடுவதன்று. வரும் கோடைக்கு முன்னரே இத்தீர்மானத்தை ஒவ்வோர் ஊராட்சியும் நிறைவேற்றுமாயின், குளத்து மீனும் வயலின் பயிரும் ஒருங்கே காக்கப்படும்.