மருமகளின் பரீட்சையும் என் காதும்

2023-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அங்கே போய் வந்த அன்பர்கள் பலர் கோல்டன் கேட் பாலத்தைப் பற்றி நமது இதழில் எழுதிவிட்டார்கள். நான் ஒரு பரீட்சையைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவள் என் மருமகள். கூடவே உட்கார்ந்து படித்தவன் நான்.

அந்த மாநிலத்தில் காது கேட்கும் கருவியைப் பிறருக்குப் பொருத்தி விற்க உரிமம் வேண்டும். கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். அதுவரை பயிற்சி உரிமம் வாங்கிக்கொண்டு, அனுபவம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்கலாம். நம் நாட்டில் விற்பவருக்கென்று இப்படித் தனிப் பரீட்சை இல்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்ட ஆடியாலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். இருந்தும், ஓய்வு பெற்ற புதிதில் நான் ஒரு கடையில் நுழைந்தபோது, எந்தச் சோதனையும் செய்யாமல் ஒரு கருவியை என் கையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அது இன்றும் அலமாரியில் தூங்குகிறது.

மருமகள் பி.காம். படித்தவள். "மாமா, இந்த டெசிபல் மட்டும் என் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது" என்றாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஒரு எஞ்சின் 90 டெசிபல் சத்தம் போடுகிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றையும் ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு?" என்றேன்.

"180."

"93."

அவள் என்னை நம்பவில்லை. டெசிபல் கூட்டல் கணக்கு அல்ல, மடங்குக் கணக்கு. ஒலியின் ஆற்றல் இரட்டித்தால் 3 ஏறும். பத்து மடங்கானால் 10 ஏறும். பத்து எஞ்சின் சேர்ந்து கத்தினால் 100, நூறு எஞ்சின் கத்தினால் 110, அவ்வளவுதான். அதனால்தான் "பத்து டெசிபல்தானே" என்று அலட்சியமாக விடக்கூடாது.

அடுத்த சந்தேகம் பூஜ்யம். பூஜ்ய டெசிபல் என்றால் நிசப்தம் என்று நினைத்திருந்தாள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள் அல்லவா? கடல் மட்டம் பூஜ்யம் என்பதால் அதற்குக் கீழே பூமி இல்லை என்று ஆகிவிடாது. அதுபோல, ஆரோக்கியமான இளவயதுக் காதுகள் சராசரியாகக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கூர்மையான காது உள்ளவருக்கு மைனஸ் 5 கூட வரும்.

பிறகு ஆடியோகிராம் என்னும் வரைபடம். இதில் கணக்குத் தலைகீழ். மேலே இருப்பது மெல்லிய ஒலி, கீழே போகப் போக உரத்த ஒலி. கோடு கீழே இறங்கினால் காது மந்தம். இடமிருந்து வலமாக, ஹார்மோனியக் கட்டை போல, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி ஏறும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

செய்முறைக்கு ஆள் வேண்டுமே? ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்பார்வையாளரின் அனுமதியோடு, அவள் வேலை பார்க்கும் இடத்தில் என்னை உட்கார வைத்தாள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டால் 10 டெசிபல் குறைப்பாள். கேட்காவிட்டால் 5 ஏற்றுவாள். ஏறி வரும்போது பாதித் தடவையாவது எந்த அளவில் கேட்கிறதோ அதுதான் என் எல்லை. தாழ்ந்த சுருதிகளில் 20-இல் நின்றேன். 4000-க்கு வந்ததும் அவள் ஏற்றிக்கொண்டே போனாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். 60-இல்தான் பொத்தானை அழுத்தினேன். 8000-இல் சற்றே மீண்டு 45.

"மெஷினில் ஏதோ கோளாறு. கேலிப்ரேஷன் எப்போது செய்தார்கள்?" என்று கேட்டேன். நாற்பது வருட சர்வீஸில் எதற்கும் முதலில் மீட்டரைச் சந்தேகிப்பவன் நான். அவள் கேலிப்ரேஷன் சீட்டைக் காட்டினாள். பிறகு அதே ஹெட்போனைத் தன் காதில் மாட்டி எடுத்துக் காட்டினாள். அவளுக்கு நேர்கோடு.

சரி, காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்றேன். அதற்கும் சோதனை இருக்கிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து, காதுத் துவாரத்தையும் செவிப்பறையையும் தாண்டி நேரே உட்காதுக்கே ஒலியை அனுப்புவார்கள். எலும்பு வழியில் நன்றாகக் கேட்டு, காற்று வழியில் மட்டும் கேட்காவிட்டால் கோளாறு வெளியிலோ நடுக்காதிலோ. அப்படிக் கணிசமான இடைவெளி தெரிந்தால், கருவி விற்கும் முன் டாக்டரைப் பார்க்கும்படி எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். காதில் வலி, சீழ், தலைசுற்றல், திடீர்ச் செவிடு எல்லாவற்றுக்கும் அதே விதி. எனக்கு இரண்டு கோடும் ஒன்றாகவே போயின. பழுது உட்காதின் நுண்மயிர்ச் செல்களில். அவை மறுபடி முளைப்பதில்லை.

4000-இல் விழும் அந்தப் பள்ளம் இரைச்சலின் கையெழுத்து என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நான் டீசல் ஷெட்டில் இருந்தவன். பதினாறு சிலிண்டர் எஞ்சினை லோடு பாக்ஸில் கட்டி, எட்டாவது நாட்ச்சில் ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று ரீடிங் எடுப்போம். காதில் பஞ்சு வைத்துக்கொள்பவனைக் கேலி செய்வோம். பஞ்சால் பெரிய பயன் இல்லைதான். ஆனால் நாங்கள் சிரித்தது அதற்காக அல்ல.

"உயிரெழுத்து எல்லாம் தாழ்ந்த சுருதி, அது உங்களுக்குக் கேட்கிறது மாமா. ச, த மாதிரி எழுத்துகள்தான் உயர்ந்த சுருதியில், மெல்லிசாக வரும். அதனால்தான் பேச்சு கேட்கிறது, புரிவதில்லை" என்றாள். வீட்டுக்காரி "தட்டை எடுங்கள்" என்றால் நான் சட்டையை எடுத்து வருவேன். வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று வருடக்கணக்காகக் கோபித்திருக்கிறேன்.

பரீட்சையில் அவளை அழவைத்தது மாஸ்கிங். கேட்காத காதில் உரத்த ஒலி கொடுத்தால் அது மண்டையோடு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். பதில் சொல்வது எந்தக் காது? பரீட்சை அறையில் பக்கத்துப் பையன் விடை சொல்லிக் கொடுப்பது போலத்தான். அவன் காதில் இரைச்சலைப் போட்டு அவனை வேறு வேலையில் ஈடுபடுத்திவிட்டு இவனைக் கேட்க வேண்டும். சாதாரண ஹெட்போனில் சுமார் 40 டெசிபல் தாண்டினாலே ஒலி அக்கரைக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். எலும்பு வழியில் தடையே கிடையாது, பூஜ்யம். இதை வைத்து ஐம்பது கணக்கு போட்டுக் கொடுத்தேன். கடைசிப் பத்தில் ஒன்றுகூடத் தவறவில்லை.

காதின் அச்சு எடுப்பதற்கும் நான்தான். உள்ளே பார்த்து, நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பை வைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் சிலிக்கோனைச் செலுத்த வேண்டும். அந்த இரண்டாவது பார்வையை அவள் மறந்துகொண்டே இருந்தாள். தடுப்பு சரியாக உட்காராவிட்டால் சிலிக்கோன் செவிப்பறை வரை ஓடிவிடும். எடுத்த பிறகும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஷெட்டில் வைத்திருந்தது போல ஒரு செக்-லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன்.

எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறினாள். செய்முறையில் தேறிய செய்தி நான் ஊர் திரும்பிய பிறகு வந்தது. அதற்குள் இங்கே பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு காதுக்கும் கருவி பொருத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஃபிரிட்ஜ் சத்தம், செருப்புச் சத்தம் எல்லாம் இடித்தது. சாயங்காலம் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து ஏதோ சொன்னாள். "ஏன் கத்துகிறாய்?" என்றேன். கரண்டியோடு வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நமது சங்கத்தில் ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் இருந்தவர்கள் பலர் உண்டு. ஆடியாலஜிஸ்டிடம் ஆடியோகிராம் எடுத்துக்கொண்டு, அந்தத் தாளோடு ஞாயிறு மாலை நூலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.