மீன் தொட்டியில் நீர் பக்குவமாதல்

புதிதாக அமைத்த தொட்டியில் விடப்படும் மீன்கள் சில நாட்களிலேயே மடிவதுண்டு. நீர் தெளிவாகத் தோன்றினும் அதில் நஞ்சு கலந்திருத்தலே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இதுவும் நஞ்சே. வேறொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவ்விரு வகைகளும் மணலிலும் வடிகட்டியிலும் போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆகவே, குளோரின் அகலும்பொருட்டுக் குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து தொட்டியில் நிரப்புக. கங்கை, பிரமபுத்திரா வடிநிலங்களில் வாழ்வதும், 1822-இல் ஹாமில்டன் தம் நூலில் விவரித்ததுமான ஜீப்ரா மீன் இதற்கு ஏற்றது. முதலில் மூன்று நான்கு மீன்களை மட்டும் விடுக. இரண்டொரு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து திணறினால் உடனே மாற்றுதல் வேண்டும். வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. இன்றேல் பாக்டீரியாக்கள் அழியும்.

பள்ளியில் தொட்டி அமைக்கும் ஆசிரியர் இவ்வாரங்களை வீணெனக் கருதலாகாது. கண்ணுக்குப் புலனாகாத உயிர்களின் பணியை மாணவர்க்கு விளக்க இதுவே தக்க காலமாகும்.