தங்கமீனுக்கு நோய் வந்தால்

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, போர்டிக்சன் இரவுச் சந்தையில் அப்பா எனக்கு இரண்டு தங்கமீன்களை வாங்கித் தந்தார். நெகிழிப்பையில் நீந்திய அவற்றை மடியில் வைத்துக்கொண்டே தோட்டத்து வீட்டுக்குத் திரும்பினேன். ஊறுகாய் போட்டு வைக்கும் கண்ணாடிச் சாடி அவற்றின் வீடானது. நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போலும் என்று நினைத்து மேலும் தீனி போட்டேன். மாலையில் அம்மா பழைய நீரை முழுவதும் கொட்டிவிட்டு, குழாயிலிருந்து நேராகப் பிடித்த நீரை ஊற்றினார். விடிந்தபோது இரண்டும் செத்து மிதந்தன. நோய்பிடித்த மீன்களை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இருந்திருக்காது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அவற்றைக் கொன்றது நாங்கள் வைத்த தண்ணீர். தங்கமீன் சோர்ந்து கிடந்தால் மருந்துப் புட்டியைத் தேடுமுன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள மீன் வளர்ப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

மீன் தன் உடற்கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது செவுள்களைப் புண்ணாக்கும் நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்துவிடும். சாடியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நன்கு பழகிய தொட்டியின் வடிகட்டியிலும் கற்களிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அவற்றுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடியதே. அது இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் கெடுப்பதால், காற்று நிறைந்த நீரிலும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் புதுத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன் வாங்கிய முதல் மாதத்திலேயே பல வீடுகளில் துக்கம் நிகழ்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

நீரைச் சோதிக்கும் கருவிப்பெட்டி செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். நைட்ரேட்டு லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நல்லது. அளவு கூடியிருந்தால் அன்றே கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்; தீனியை ஓரிரு நாள் நிறுத்த வேண்டும். முழு நீரையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. குழாய்நீரில் கிருமிகளை ஒழிக்கச் சேர்க்கப்படும் குளோரின் நமக்குத் தீங்கு செய்யாது. ஆனால் மீனின் செவுள்களை அரித்துவிடும். நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகும். வாளியின் வாயை வலையால் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டக் கூடாது. குளோரமின் சேர்த்த நீர் இப்படித் தெளியாது. அதற்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கி வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. தங்கமீனின் பூர்வீகம் சீனா. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் ஆட்சிக் காலத்தில், கெண்டை இனத்து மீன்களில் பொன்னிறம் கொண்டவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் உருவானது அது. குளிர்காலம் உள்ள நாட்டு மீன். உறைந்த குளத்தின் அடியில் உயிர்வளி அற்றுப்போனாலும், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைத்திருக்கும். இது நிகழும் முறையை ஒஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினர். அந்த வித்தை குளிர்ந்த நீரில்தான் நெடுநாள் கைகொடுக்கும். தங்கமீனுக்கு இதமான வெப்பம் 18 முதல் 24 பாகை செல்சியஸ். போர்டிக்சன் வீடுகளில் தொட்டிநீர் 28, 30 பாகையை எளிதில் எட்டிவிடும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற அதிக உயிர்வளி தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான்! ஆகவே தொட்டியை மாலை வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள். காற்றேற்றும் கருவி இரவும் பகலும் ஓடட்டும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று பட்டாலே வெப்பம் இரண்டு மூன்று பாகை இறங்கக்கூடும். பனிக்கட்டியைப் போடுவது தவறு. திடீர் மாற்றம் மீனை மேலும் வாட்டும்.

நீர் சரியாக இருந்தும் மீன் தேறவில்லை என்றால் அதன் உடலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறதா? கல்லில் உராய்கிறதா? தீனிக்கு ஓடி வருகிறதா, மூலையில் ஒதுங்குகிறதா? ஒவ்வொரு நாளும் தீனி போடும் நேரத்தில் இரண்டு நிமிடம் இப்படிப் பார்ப்பவர் நோயை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

உடலெங்கும் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். இதனை உண்டாக்கும் ஒட்டுண்ணியைப் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஃபூக்கே 1876இல் விவரித்து, இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ் எனப் பெயரிட்டார். ‘பல பிள்ளைகளைப் பெற்ற மீன்பேன்’ என்பது அதன் பொருள். பெயரிலேயே மருத்துவக் குறிப்பு அடங்கியிருக்கிறது. மீனின் தோலுக்கடியில் கொழுத்து வளரும் ஒட்டுண்ணி, பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை நீந்திச் சென்று மீண்டும் மீனைத் துளைக்கின்றன. தோலுக்கடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும் பருவத்தில் மட்டுமே கொல்லும். புள்ளிகள் உதிர்ந்ததைக் கண்டு ‘குணமாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்துபவர், பகைவன் படை திரட்டும் நேரத்தில் காவலை விலக்குகிறார். இந்த வாழ்க்கைச் சுற்று 10 பாகையில் ஒரு மாதத்துக்கும் மேல் நீளும்; 25 பாகையில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். நம் நாட்டு வெப்பத்தில் நோய் விரைந்து பரவினாலும், மருத்துவமும் விரைந்து முடியும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் சில நாள் மருந்தைத் தொடர வேண்டும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

ஓர் எச்சரிக்கை. செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வெண்ணிறப் பொட்டுகள் வரிசையாக இருந்து, மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால், அது இனப்பெருக்கப் பருவம் எய்திய ஆண்மீனாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டாம்.

வெண்புள்ளிக்கும் வேறு சில ஒட்டுண்ணிகளுக்கும் உப்பு எளிய மருந்து. அயோடின் சேர்க்காத கல்லுப்பை லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை பயன்படுத்தலாம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருந்தால், 60 × 30 × 25 ÷ 1000 = 45 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம். அதை மூன்று பங்காக்கி, தனிப் பாத்திரத்தில் கரைத்து, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. குறைந்த நீரை நிரப்பும்போது மறுபடியும் உப்புப் போட்டால் அளவு மீறிவிடும். நீர்ச்செடிகள் உப்பைத் தாங்கா. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுவதே நல்லது.

துடுப்பின் ஓரம் கிழிந்து நைந்திருந்தால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். தொடக்கத்தில் தூய நீரே பெரும்பாலும் போதும். உருண்டை உடல் கொண்ட தங்கமீன்கள் சில வேளை தலைகீழாக மிதக்கும். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு தோல் நீக்கி வேகவைத்த பட்டாணியைச் சிறிதளவு கொடுத்துப் பார்க்கலாம். வயிறு உப்பிச் செதில்கள் பலாமுள் போல் விரிந்து நின்றால் உள்ளுறுப்பு பழுதாகியிருக்கும். அத்தகைய மீன்கள் பிழைப்பது அரிது. அதைச் சொல்லாமல் மறைப்பதில் பயனில்லை.

கிளினிக்கில் நமக்குக் கொடுத்து மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தொட்டியில் கரைக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. தவறான மருந்தும் தவறான அளவும் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கும். எஞ்சும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும். அந்த நீர் கடைசியில் வடிகாலுக்குத்தானே போகிறது? மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நம் மாநிலத்தின் ஜெலபு மாவட்டத்தில், கிளாமி லெமி என்னுமிடத்தில், மீன்வளத் துறையின் நன்னீர் மீன்வள ஆய்வு மையம் இருக்கிறது. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பீடம் உண்டு. யாரிடம் கேட்டாலும், தொட்டியின் கொள்ளளவு, நீரின் வெப்பம், சோதனை அளவுகள், நோய்க்குறி தோன்றிய நாள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

புதிய மீனைப் பழைய மீன்களோடு உடனே விடாமல், தனி வலையுடன் தனித்தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருப்பது பல நோய்களைத் தடுக்கும். வளர்க்க முடியாத மீனை லிங்கி ஆற்றிலோ தோட்டத்து ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். அதோடு அதன் நோயும் ஆற்றுக்குப் போகும். வேண்டுபவரிடம் கொடுங்கள். இறந்த மீனை மண்ணில் புதையுங்கள். மீன்தொட்டி நீரிலிருந்து மனிதத் தோலைத் தாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியாவும் உண்டு. எனவே கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் தொட்டி கழுவும் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள்.