சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

தேக்காவில் மாதம் 100 வெள்ளியை ஒதுக்கி வைக்க முடிந்தவருக்குக் கூப்பிடு தூரத்திலேயே பல வழிகள் இருக்கின்றன. சிராங்கூன் சாலை நெடுக நகைக்கடைகள். அவற்றுக்கு நடுவே வங்கிகளும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளும். தெரிந்தவர் யாராவது பிடிக்கும் சீட்டு ஒன்று எப்போதும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் தன் லாபத்தைத் தனித்தனி மொழியில் சொல்கிறது. நகைக்கடையில் கிராம் விலை பேசுகிறார்கள். வங்கியில் ஆண்டு விழுக்காடு. சீட்டு பிடிப்பவரோ, "910 கட்டினால் ஆயிரம் கையில்" என்கிறார். மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தாமல் எது மேல் என்று சொல்ல முடியாது.

அந்தத் தராசு நம் பேச்சிலேயே இருக்கிறது. "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று எல்லாருக்கும் புரியும். ஆண்டுக்கு 24 விழுக்காடு. எவ்வளவு பணம், எவ்வளவு காலம், அதற்கு எவ்வளவு கூலி என்ற மூன்றும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. காலத்தை விட்டுவிட்டுச் சொல்லப்படும் லாபம் பாதித் தகவல்தான். சீட்டில் நடப்பது அதுதான். வட்டி என்ற சொல்லே அங்கே வருவதில்லை, ஆனால் வட்டி இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பார்ப்போம்.

பத்துப் பேர், பத்து மாதம்

பத்துப் பேர் சேர்ந்து மாதம் 100 வெள்ளி கட்டும் ஏலச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 வெள்ளி சேரும். முதல் மாதம் அவசரத் தேவை உள்ள ஒருவர் 180 வெள்ளி தள்ளிக் கேட்கிறார். 820 வெள்ளியை எடுத்துக்கொண்டு போகிறார். அந்த 180 பத்துப் பேருக்கும் 18 வெள்ளியாகப் பிரிகிறது. ஆகவே அந்த மாதம் எல்லாரும் கட்டுவது 82 வெள்ளிதான். அடுத்த மாதம் தள்ளு 160, கட்டுவது 84. இப்படி மாதாமாதம் தள்ளு இருபது இருபதாகக் குறைந்து, பத்தாவது மாதம் மிச்சமிருப்பவர் தள்ளு எதுவுமின்றி முழு 1,000 வெள்ளியையும் எடுக்கிறார். (எண்கள் கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் வைத்துக்கொண்டவை. சீட்டு பிடிப்பவரின் கமிஷனையும் சேர்க்கவில்லை.)

கடைசியாக எடுப்பவர் 82, 84, 86 என்று தொடங்கி 100 வரை மொத்தம் 910 கட்டியிருப்பார். கிடைத்தது 1,000. லாபம் 90 வெள்ளி. 910க்கு 90 என்றால் ஏறத்தாழ 10 விழுக்காடு என்று கணக்கை முடித்துவிடுவது வழக்கம். அது தவறு. 910 வெள்ளியும் பத்து மாதம் காத்திருக்கவில்லை. முதல் மாதம் கட்டிய 82 ஒன்பது மாதம் காத்திருந்தது. ஒன்பதாம் மாதம் கட்டிய 98 ஒரே மாதம். கடைசி 100 வெள்ளி கட்டிய அன்றே திரும்பிவிட்டது.

வீட்டு மின்மீட்டர் செய்வதை இங்கே நாமும் செய்யலாம். எத்தனை கிலோவாட் என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதைப் பெருக்கித்தான் மின்மீட்டர் யூனிட் போடுகிறது. அதேபோல ஒவ்வொரு தவணையையும் அது காத்திருந்த மாதங்களால் பெருக்குவோம். 82ஐ 9ஆல் பெருக்கினால் 738. 84ஐ 8ஆல் பெருக்கினால் 672. இப்படியே போய்க் கூட்டினால் 3,930 வருகிறது. அதாவது 3,930 வெள்ளி ஒரு மாதம் வேலை செய்ததற்குச் சமம். அதற்குக் கூலி 90 வெள்ளி. நூற்றுக்கு மாதம் 2.29. நம் வழக்கில் இரண்டே கால் வட்டிக்கும் சற்று மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு! கூட்டு வட்டியாகத் துல்லியமாகப் போட்டால் மாதம் 2.16 வரும். தாளும் பேனாவும் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தப் பெருக்கல் முறையே போதும்.

இப்போது முதல் மாதம் எடுத்தவரைப் பாருங்கள். 820 வெள்ளி வாங்கிய அன்றே 82 கட்டியதால் கையில் நிற்பது 738. அடுத்த ஒன்பது மாதத்தில் 828 கட்டுகிறார். வட்டி 90 வெள்ளி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அவர் கொடுத்ததும் மாதம் ஏறத்தாழ 2.3 வட்டி. கடன் அட்டை வட்டிக்கு அருகில் வந்துவிட்டது. இரண்டு எண்களும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. சீட்டுக்குள் புதிதாகப் பணம் எதுவும் பிறப்பதில்லை. முன்னால் எடுப்பவர் இழப்பதுதான் பின்னால் எடுப்பவருக்குப் போகிறது. நடுவில் ஐந்தாம் மாதம் எடுப்பவருக்கு 900, ஆறாம் மாதம் எடுப்பவருக்கு 920 என்று ஏறக்குறைய போட்டது வந்துவிடும்.

இன்னொன்று. சீட்டில் சேரும் நாளில் உங்கள் வட்டி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. அது மற்றவர்களின் அவசரத்தைப் பொறுத்தது. தள்ளு முழுவதும் பாதியாகி, 90, 80, 70 என்று போனால் கடைசியாக எடுப்பவரின் லாபம் 45 வெள்ளி. அதே பெருக்கலைப் போட்டால் மாதம் 1.07 வட்டி, ஆண்டுக்கு 13 விழுக்காடு. யாருக்கும் அவசரமில்லாத ஆண்டில் அதுவும் இருக்காது.

வட்டியில் தெரியாத ஒன்று

27 விழுக்காடு என்றதும் ஆசை வரும். ஆனால் மேலே போட்ட கணக்கு, எல்லாரும் கடைசிவரை கட்டுவார்கள், சீட்டு பிடிப்பவர் ஓடமாட்டார் என்று எடுத்துக்கொண்டுதான் போடப்பட்டது. சிங்கப்பூருக்கு இதில் கசப்பான பழைய பாடம் உண்டு. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் இங்கே நிறுவனங்களே பெரிய அளவில் சீட்டு நடத்தின. 1971இல் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்ய உரிமம் கட்டாயமானது. அதற்கும் பிறகு, 1973இல், ஜெமினி சீட்டு நிதி நிறுவனம் நொடித்தது. சிறுகச் சிறுகக் கட்டிவந்த ஆயிரக்கணக்கானோரின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. மலேசியா 1971இல் இன்னும் கடுமையான வழியில் போய், இத்தகைய சீட்டுகளையே தடை செய்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது.

இந்த அபாயத்துக்கும் ஒரு கணக்கு போடலாம். நம் பத்து மாதச் சீட்டில் கடைசியாக எடுப்பவர், ஒன்பதாம் மாத முடிவில் 810 வெள்ளி கட்டியிருப்பார். அப்போது சீட்டு பிடித்தவர் காணாமல் போனால் நட்டம் 810. ஒழுங்காக முடிந்தால் லாபம் 90. ஒன்பது சீட்டு நல்லபடியாக முடிந்து ஒன்று மட்டும் ஓடிப்போனால், ஒன்பதில் கிடைத்த 810 அந்த ஒன்றில் போய்விடும். ஆக, பத்தில் ஒன்று மோசம் போகலாம் என்று தோன்றினாலே அந்த 27 விழுக்காடு வெறும் பூஜ்யம். முதலில் எடுத்தவருக்கு இந்தப் பயமே இல்லை என்பதையும் கவனியுங்கள். அதிக வட்டி வாங்குபவர்தான் முழு அபாயத்தையும் சுமக்கிறார். வங்கியில் போட்ட பணத்துக்கு 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. தெரிந்தவரிடம் கட்டும் சீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

பிறகு ஏன் சீட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது? வட்டிக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். கட்டாவிட்டால் பத்துப் பேர் முகத்தில் விழிக்க முடியாது என்ற கட்டுதான் அதன் பலம். பிலிப்பீன்சில் ஆஷ்ரஃப், கார்லன், இன் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குறித்த நாளோ குறித்த தொகையோ எட்டும்வரை எடுக்கவே முடியாத சேமிப்புக் கணக்கு ஒன்றைச் சிலருக்கு வழங்கினார்கள். கூடுதல் வட்டி கிடையாது. ஆனாலும் 28 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். ஓராண்டு முடிவில், வாய்ப்பு வழங்கப்பட்டவர்களின் சேமிப்பு, வழங்கப்படாதவர்களைவிட 81 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. ஆய்வு 2006இல் வெளிவந்தது. பூட்டு மட்டுமே அவ்வளவு வேலை செய்கிறது. சம்பள நாளன்றே தானாகக் கழித்துக்கொள்ளும்படி வங்கியிடம் சொல்லிவைப்பதும் இதே பூட்டுதான், ஓடிப்போகிற ஆள் இல்லாத பூட்டு.

நகைக்கடைக் கணக்கு

தங்கத்தை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் நகை வேறு, தங்கம் வேறு. 916 என்று முத்திரை குத்திய 22 காரட் நகை ஒன்றில் 3,000 வெள்ளிக்குத் தங்கம் இருக்கிறது என்போம். செய்கூலி 10 விழுக்காடு என்றால் 3,300. அதன்மேல் 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரி சேர்ந்து 3,597 வெள்ளி. மறுநாளே விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, 3,000ஐத் தாண்டாது. போட்ட பணம் திரும்பவே தங்கம் 20 விழுக்காடு ஏற வேண்டும். 99.5 விழுக்காட்டுக்குக் குறையாத தூய்மையுள்ள, முதலீட்டுக்கென்றே விற்கப்படும் தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் இந்த வரி இல்லை. ஆனால் கட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது.

தங்கம் எப்போதும் ஏறும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எண். 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 அமெரிக்க டாலரைத் தொட்டது. மறுபடி அந்த விலையைக் காண 2008 வரை, 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வட்டியும் இல்லை.

இரட்டிப்பாக எத்தனை ஆண்டு?

கூட்டு வட்டிக்கு ஒரு பழைய குறுக்குவழி உண்டு. 72ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் வரும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி 1494இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். உண்மையான எண் 69.3க்கு அருகில் இருக்கும். 72 சுலபமாக வகுபடும் என்பதால் நிலைத்துவிட்டது.

மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு 2.5 விழுக்காடு தருகிறது. இரட்டிப்பாக 29 ஆண்டு. சிறப்புக் கணக்குக்குக் குறைந்தது 4 விழுக்காடு, 18 ஆண்டு. பார்வைக்கு ஒன்றரை விழுக்காடுதான் வேறுபாடு. 10,000 வெள்ளி 30 ஆண்டுகள் இருந்தால் முதலாவதில் 20,976, இரண்டாவதில் 32,434. இடைவெளி, போட்ட தொகையைவிடப் பெரியது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு மாற்றலாம், ஆனால் மாற்றினால் திரும்ப எடுத்து வீட்டுக்குக் கட்ட முடியாது. வீடு வாங்கப்போகிற இளம் தம்பதி இந்த எண்ணைப் பார்த்து மட்டும் அவசரப்பட்டுவிடக் கூடாது. 0.05 விழுக்காடு தரும் சாதாரண வங்கிச் சேமிப்புக் கணக்குக்கும் 72ஐ வகுத்துப் பாருங்கள். 1,440 ஆண்டு! பல்லவர் காலத்தில் போட்ட ஒரு வெள்ளி இப்போதுதான் இரண்டாகியிருக்கும்.

விலைவாசியையும் கழிக்க வேண்டும். 2022இல் சிங்கப்பூரின் பணவீக்கம் 6.1 விழுக்காடு. அந்த ஆண்டு 2.5 விழுக்காடு வாங்கிய வெள்ளி, கடைக்குப் போனபோது மூன்றரை விழுக்காடு இளைத்திருந்தது. 2024இல் பணவீக்கம் 2.4. ஏறத்தாழ சமன்.

இதெல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நிற்கும் வொர்க் பெர்மிட் ஊழியருக்குச் சேமநிதி கிடையாது. அவருக்கு இந்திய வங்கியின் 7 விழுக்காடு பெரிதாகத் தெரியும். 2005 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 26 ரூபாய் சொச்சம் கிடைத்தது, 2024இல் 62 ரூபாய்க்கு மேல். ரூபாய் ஆண்டுக்குச் சுமார் நாலரை விழுக்காடு தேய்ந்திருக்கிறது. வெள்ளியாகத் திருப்பிப் பார்த்தால் அந்த 7 விழுக்காட்டில் மிஞ்சுவது இரண்டரைதான். ஆனால் அவர் ஊரில்தான் வீடு கட்டப்போகிறார், செலவு ரூபாயில்தான் என்றால் ரூபாய்க் கணக்கே அவருக்குச் சரி.

அவருக்கு முதல் கணக்கு வேறு. இங்கே வருவதற்காக ஊரில் 2 லட்சம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 48,000 ரூபாய் வட்டி போகிறது. அந்தக் கடனை வைத்துக்கொண்டே இன்னொரு 2 லட்சத்தைச் சேர்த்து 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் வருவது 14,000. கையில் சேர்ந்ததும் கடனை அடைப்பவருக்கும், வைப்பில் போடுபவருக்கும் ஓராண்டில் வேறுபாடு 34,000 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 63 ரூபாய் என்று வைத்தால் 540 வெள்ளி.