புரவியின் முதுகு

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை அடைந்ததும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். அங்கே வாரிக் குவித்த உப்பைக் கூடைகளில் நிரப்பித் தலைச்சுமையாகக் கரை சேர்ப்பது நெடுங்கால வழக்கம். சுமப்பவர் கூடையைத் தூக்குமுன் துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, உச்சந்தலையில் ஒழுங்காக அமைத்துக்கொள்வர். சும்மாடு சற்றுக் கோணினாலும் கழுத்து நோகும். கழுத்து நொந்தால் நடை தடுமாறும். சுமை எவ்வளவு என்பதைப் போலவே அஃது எங்கே அமர்கிறது என்பதும் பெரிது என்பதை உப்பளத்தார் நன்கு அறிவர்.

மனிதனைச் சுமக்கும் குதிரைக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆனால், தன் சும்மாட்டைத் தானே திருத்திக்கொள்ள அதனால் இயலாது.

இக்கடற்கரைக்குக் குதிரை புதியதன்று. சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. 'பெரிப்ளூசு' என்னும் பழைய கிரேக்க நூலில் வரும் 'சோபட்மா' என்ற துறைமுகமும் இதுவே என்பர். இதற்குத் தெற்கே, காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது.

பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வாணிகம் மிகப் பெருகிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டினின்றும் பாரசீக வளைகுடாவினின்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை நூறு மார்க்கு வெள்ளிக்கும் மேற்பட்டது என்றும் எழுதியுள்ளார். அவர் எழுதியுள்ள மற்றொரு செய்தி வருந்தத்தக்கது. அவ்வாறு வந்தவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன்னரே மடிந்தனவாம். லாடம் அடித்து நோய் தீர்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. குதிரை விற்ற வணிகர் அத்தகையோரை இந்நாட்டுக்கு வரவிடவும் இல்லை. குதிரைகள் மாள மாள வணிகர்க்கு ஊதியம் பெருகிற்று! பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கியோர் அதனைப் பேணும் அறிவையும் வாங்கியிருத்தல் வேண்டும்.

அவ்வறிவு உடலமைப்பை நோக்குவதில் தொடங்குகின்றது. அழகை மட்டும் நோக்குவோர் வளைந்த கழுத்தையும் பிடரி மயிரையும் கண்டு மயங்குவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த செனபோன் என்னும் கிரேக்கப் படைத்தலைவரோ, குதிரையைக் காலிலிருந்து பார்க்கச் சொன்னார். கடைகால் சரியில்லாத வீட்டுக்கு மாடம் எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன் என்பது அவர் கருத்து. நம் நாட்டிலும் அசுவ சாத்திரங்கள் பல தோன்றின. நகுலன் பெயரால் வழங்கும் ஒன்றைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952-இல் பதிப்பித்தது. அத்தகைய நூல்களில் சுழிகளைக் கொண்டு நன்மை தீமை கூறும் பகுதிகளை இன்று எவரும் பொருட்படுத்த வேண்டுவதில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக உற்று நோக்கிய அவர்தம் பொறுமையோ போற்றத்தக்கது.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் தசைகளாலும் நார்களாலும் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. மார்புக்கூடு அவற்றினிடையே தொட்டில்போலத் தொங்குகின்றது. நின்றநிலையில் உடற்பாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. உந்தும் ஆற்றலோ பின்னங்கால்களில் பிறக்கின்றது. அவ்வாற்றலை முன்னே கொண்டு சேர்க்கும் பாலம் முதுகு. அதில் விலா எலும்புகளைத் தாங்கும் முள்ளெலும்புகள் பெரும்பாலும் பதினெட்டு. இடுப்புப் பகுதியில் ஆறு.

1946-இல் டச்சு அறிஞர் சிலைப்பர் இவ்வமைப்பை வில்லுக்கு ஒப்பிட்டார். முதுகெலும்பு வில், வயிற்றுத் தசைகள் நாண். நாண் இறுகினால் வில் மேல்நோக்கி வளையும். நாண் தளர்ந்தால் முதுகு தொய்யும். ஆகவே, முதுகு வலுப்பெற வயிற்றுத் தசைக்கும் பயிற்சி வேண்டும். மிக நீண்ட முதுகு எளிதில் தொய்வடையும். மிகக் குறுகிய முதுகு வலிவுடையதாயினும் வளைந்து கொடுப்பது அரிது.

திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் கற்குதிரைகள் பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். உயிருள்ள குதிரையும் தடையைத் தாண்டும் கணத்தில் ஏறத்தாழ அந்நிலையை எய்துகின்றது. முழுப்பாரமும் பின்னங்கால்களுக்கும் இடுப்புக்கும் மாறுகின்றது. இடுப்பில் நோவு இருந்தால், எத்துணை நல்ல கால்கள் வாய்ந்த குதிரையும் அக்கணத்தில் தயங்கும்.

நோவு பல வழிகளில் வரும். முள்ளெலும்புகளின் மேல்நுனிகள் சேணம் அமரும் இடத்திலே ஒன்றோடொன்று நெருங்கி உராய்வதுண்டு. ஊடுகதிர்ப் படத்தில் அந்நெருக்கம் தெரிந்தும், சில குதிரைகள் யாதொரு துன்பமும் இன்றி ஓடுகின்றன. ஆதலால் மருத்துவர் படத்தை மட்டும் கண்டு முடிவு செய்வதில்லை. பொருந்தாத சேணமும் பெருந்தீங்கு விளைக்கும். சேணத்தின் நடுவே முதுகெலும்பைத் தொடாத இடைவெளி இருத்தல் வேண்டும்; பாரம் இருபுறத் தசைகளின்மீது பரவுதல் வேண்டும்; கடைசி விலாவுக்குப் பின்னே அது செல்லலாகாது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பர். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 90 கிலோ ஆகும்.

கடற்கரை வெயிலில் மற்றொன்றையும் மறத்தல் கூடாது. குதிரையின் வியர்வை மனிதனுடையதைவிட உப்பு மிகுந்தது. இழந்த உப்பை ஈடுசெய்யாவிடில் தசைகள் சோரும். இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதனாலேயே குதிரைக் கொட்டிலில் நக்குவதற்கு உப்புக்கட்டி வைக்கின்றனர்.

வலியுற்ற குதிரை வாய்விட்டுக் கூறாது. சேணத்தைக் கண்டதும் காதை மடக்கும், வாலைச் சுழற்றும், நேற்றுத் தாண்டிய தடையின்முன் இன்று நின்றுவிடும். காண்போர் அதனை முரட்டுக் குதிரை என்பர், சாட்டையை எடுப்பர். அடிக்கு அஞ்சி அது தாண்டினால், தம் முடிவே சரியென எண்ணுவர். அறிந்தவரோ முதலில் சேணத்தை இறக்கி, முதுகின் இருபுறமும் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பர். நோவுள்ள இடத்தில் தசை துடிக்கும். குதிரை முதுகைத் தாழ்த்தி விலகும்.

மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில்லில் இன்று குதிரையேற்றம் கற்பிக்கப்படுகின்றது. 2018-இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா, 'செய்ன்யர் மெடிகாட்' என்னும் குதிரையின்மீது அமர்ந்து தனியாள் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் கலந்துகொண்டது நடையழகு, காட்டுவெளி ஓட்டம், தடை தாண்டல் ஆகிய மூன்றும் அடங்கிய போட்டி. இத்தகைய பெரும்போட்டிகளில், காட்டுவெளி ஓட்டம் முடிந்தபின், தடை தாண்டலுக்குமுன் ஒவ்வொரு குதிரையும் சேணமின்றி நடுவர் முன்னும் கால்நடை மருத்துவர் முன்னும் கொண்டுவரப்படுகின்றது. ஏறுபவர் கடிவாளத்தைப் பற்றி உடன் ஓட, அது கெட்டித்தரையில் சென்று திரும்புதல் வேண்டும். நடையில் நொண்டல் தென்பட்டால், முதலிடத்தில் நிற்கும் குதிரையாயினும் கொட்டிலுக்கே திரும்பும்.