பாட்டு நடுவில் நிற்கக் கூடாது

எங்கள் தெருவில் ஒரு மகளிர் குழு இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ஒரு பெரியம்மா. சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அவர் பாடிய கும்மிப் பாட்டு ஒன்று மகளின் செல்போனில் இருந்தது. அவருடைய படங்கள் 18 கிடைத்தன.

குழுவின் ஆண்டு விழா வந்தது.

"அம்மாவோட படத்தைத் திரையில காட்டுவோம் தம்பி. கூடவே அம்மா குரலும் கேக்கட்டும்" என்றார் மகள்.

பவர்பாயின்ட் என்ற மென்பொருளில் படங்களை வரிசையாக வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். முதல் பக்கத்தில் பாட்டைச் சேர்த்தேன். ஒத்திகை பார்த்தோம்.

முதல் படம் வந்தது. பாட்டு கேட்டது. இரண்டாம் படம் வந்தது. பாட்டு நின்றுவிட்டது!

அக்காவின் முகம் வாடியது. "ஏன் தம்பி நின்னு போச்சு?" என்று கேட்டார்.

ஏன் நின்றது?

எந்தப் பக்கத்தில் பாட்டைச் சேர்க்கிறோமோ, அந்தப் பக்கத்தோடு பாட்டு நின்றுவிடும். பக்கம் மாறினாலும் பாட வேண்டும் என்று நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. தவறு என்னுடையது.

கணினியில் பொத்தான்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதினேன். நம் மையத்தில் படித்தவர்தான் அந்த அக்கா. அவர் தாளைப் படித்தார். நான் ஒவ்வொரு பொத்தானையும் காட்டினேன். அவரே அழுத்தினார். இதோ அந்தத் தாள்:

1. செல்போனில் உள்ள பாட்டை முதலில் கணினியில் ஏற்றவும்.
2. முதல் படம் உள்ள பக்கத்தைத் திறக்கவும்.
3. மேலே 'இன்சர்ட்' என்பதை அழுத்தவும். பிறகு 'ஆடியோ', அதன் கீழே 'ஆடியோ ஆன் மை பிசி'.
4. பாட்டைத் தேர்ந்தெடுக்கவும். பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிப் படம் தோன்றும்.
5. அந்த ஒலிபெருக்கியை ஒருமுறை அழுத்தவும். மேலே 'பிளேபேக்' என்று வரும். அதை அழுத்தவும்.
6. 'பிளே இன் பேக்ரவுண்ட்' என்பதை அழுத்தவும்.

இந்தக் கடைசிப் பொத்தான் நான்கு வேலைகளைச் செய்கிறது. பாட்டு தானே தொடங்கும். பக்கம் மாறினாலும் தொடரும். முடிந்தால் மறுபடியும் பாடும். காட்சியின்போது ஒலிபெருக்கிப் படம் மறைந்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

பாட்டும் படமும் ஒன்றாக முடிந்தால் நன்றாக இருக்கும். பாட்டு 3 நிமிடம். அதாவது 180 வினாடி. படங்கள் 18. 180ஐ 18ஆல் வகுத்தால் 10. ஒரு படத்துக்கு 10 வினாடி.

'டிரான்சிஷன்ஸ்' என்பதை அழுத்தவும். 'ஆஃப்டர்' என்ற இடத்தில் குறியிட்டு 10 வினாடி வைக்கவும். பிறகு 'அப்ளை டு ஆல்' என்பதை அழுத்தவும். எல்லாப் படங்களும் தாமே மாறும்.

பாட்டு வெடுக்கென்று முடியாமல் மெல்ல ஓய வேண்டுமா? 'பிளேபேக்' பகுதியில் 'ஃபேட் அவுட்' உள்ள இடத்தில் 3 வினாடி வைக்கவும்.

கவனிக்கவும்

சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. பொது இடத்தில் பயன்படுத்த அவருடைய அனுமதி தேவைப்படலாம். இதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நம் பாட்டி, அம்மா பாடும் வழிவழிப் பாட்டுகளை நாமே பதிவு செய்து கொள்ளலாம்.

விழா நாள் வந்தது. 'எஃப் 5' பொத்தானை அக்காவே அழுத்தினார். படங்கள் ஒவ்வொன்றாக மாறின. பாட்டு நிற்கவில்லை. கூட்டம் அமைதியாகக் கேட்டது. பாதியில் ஒரு பாட்டி கை தட்டத் தொடங்கினார். பிறகு எல்லோரும் கும்மி தட்டினார்கள்.

"அம்மா முழுசாப் பாடி முடிச்சிட்டாங்க" என்றார் அக்கா.

பயிற்சி

1. ஒத்திகையில் பாட்டு ஏன் நின்றது?
2. பாட்டு 4 நிமிடம். படங்கள் 20. ஒரு படத்துக்கு எத்தனை வினாடி?
3. உங்கள் வீட்டில் பெரியவர்கள் பாடும் பாட்டு எது? அதன் முதல் வரியை எழுதுங்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்து வையுங்கள்.