மார்பகத்துக்கென்றே கலப்பு ஸ்கேன்: முக்கியக் குறிப்புகள்

கர்நாடகத்தின் கௌதள்ளி, ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர்களுக்காக. அறிவியல்–தொழில்நுட்பப் பகுதியில் குழப்பிக் கேட்க ஏற்ற தலைப்பு இது.

● கலப்பு ஸ்கேன் என்பது இரண்டு படங்களின் சேர்க்கை. சிடி உறுப்பின் அமைப்பைக் காட்டும்; கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட், ஸ்பெக்ட் இரண்டும் செல்களின் செயல்பாட்டைக் காட்டும். கட்டி எங்கே இருக்கிறது என்பது ஒன்றில், அது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது மற்றதில்.

● முழு உடல் பெட்–சிடி கருவியை உருவாக்கியவர்கள் டேவிட் டவுன்செண்ட், ரொனால்ட் நட். இந்தியாவின் முதல் பெட் ஸ்கேனர் 2002-இல் மும்பையில் வந்தது.

● முழு உடல் கருவி இருக்க, மார்பகத்துக்குத் தனியாக எதற்கு? இதுதான் பாடத்தின் உயிர்நாடி. முழு உடல் கருவியில் உணரிகள் தள்ளி இருப்பதால் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கட்டி மங்கிப்போகும். நுரையீரல், இதயம் மீதும் கதிர் படும். தனிக் கருவியில் பெண் குப்புறப் படுக்கிறார். மேசையில் உள்ள துளை வழியே மார்பகம் கீழே தொங்கும். கேமரா அதைச் சுற்றி வரும். மேமோகிராமில் செய்வதுபோலத் தட்டுகளுக்கிடையே நசுக்க வேண்டியதில்லை. அதே படுக்கையில், அதே நிலையில் இரு படங்களும் எடுக்கப்படுவதால் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்.

● குறையும் உண்டு: மார்புச் சுவரை ஒட்டிய பகுதியும் அக்குளும் கேமராவுக்கு எட்டுவது கடினம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டோர்னாய் குழு ஸ்பெக்ட்–சிடி இணைப்பை உருவாக்கியபோது, கேமராவைச் சாய்த்துச் சுழற்றும் வழியைக் கையாண்டதற்குக் காரணம் இதுவே. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் பூன், ரம்சே படாவி ஆகியோர் பெட்–சிடி இணைப்பில் பணியாற்றினர்.

● அரை ஆயுட்காலம், மனப்பாடமாக: பெட்டில் பயன்படும் ஃபுளோரின்-18க்கு சுமார் 110 நிமிடம், ஸ்பெக்டில் பயன்படும் டெக்னீஷியம்-99எம்-க்கு 6 மணி நேரம். கணக்கு: சைக்ளோட்ரானிலிருந்து கிளம்பிய ஃபுளோரின் 4 மணி நேரத்தில் கால் பங்குக்கும் கீழே குறையும். பெருநகரத்தை விட்டு பெட் கருவிகள் எளிதில் நகராததற்கு விலை மட்டும் காரணமல்ல. மாதேஸ்வரன் மலைச் சாலையில் உள்ள ஓர் ஊருக்கு ஃபுளோரின்-18 மருந்தைக் கொண்டுவந்து ஸ்கேன் எடுப்பது எளிதல்ல.

● இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாதது: பெங்களூருவின் நிரமய் நிறுவனம் (இணை நிறுவனர் கீதா மஞ்சுநாத்) உருவாக்கிய தெர்மலிடிக்ஸ் என்ற மார்பகப் பரிசோதனை முறை. அது வெப்பக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தது, கதிர்வீச்சு கிடையாது.

● உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரமான குளோபோகானின் 2022 மதிப்பீடு: இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.92 லட்சம் புதிய மார்பகப் புற்றுநோயாளிகள், சுமார் 98 ஆயிரம் இறப்புகள்.

● ஸ்கிரீனிங் பற்றி: மும்பை டாடா நினைவு மையம் 1998-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் (முடிவு வெளியீடு 2021) பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் செய்த மார்பகப் பரிசோதனையே, 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டமும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதே கைப்பரிசோதனையைத்தான் சொல்கிறது.

● ஆக, 'மக்கள்தொகை அளவிலான ஸ்கிரீனிங்குக்கு ஏற்ற முறை எது?' என்ற கேள்விக்குக் கலப்பு ஸ்கேனை டிக் செய்தால் மதிப்பெண் போகும். அது சந்தேகம் எழுந்த பிறகு துல்லியமாகப் பார்க்கும் கருவி.